உன் பெயருக்கு எதிரே காலி இடம்

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தக் குடல் டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்றாய். போன வருஷமும் இதே "பார்க்கலாம்மா"தான். அடுத்த மாதம் உனக்கு 40 முடிகிறது. போனில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒன்று நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய், இல்லாவிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

அப்பாவின் நீல அட்டை நோட்டு ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் மீட்டர் ரீடிங், வண்டிக்குப் பெட்ரோல் போட்ட நாள், உனக்கும் தம்பிக்கும் பல் விழுந்த தேதி, எல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக்கு மூன்று பத்தி கோடு போட்டிருப்பார். தேதி, விஷயம், முடிந்ததா. முடிந்தால் ஒரு டிக், இல்லாவிட்டால் வெறும் இடம். டிக் அடிக்கிற சுகத்துக்காகவே மனுஷன் வேலை செய்கிறார் என்று நான் கேலி பண்ணுவேன். ஒருநாள் குடையை ரிப்பேர் பண்ணி முடித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து 'குடை ரிப்பேர்' என்று எழுதி, உடனே டிக் அடித்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அவர் போன பிறகு அந்த நோட்டு எங்கே என்று நீ இரண்டு தடவை கேட்டாய். தெரியவில்லை என்றேன். என் பீரோவில்தான் இருக்கிறது, 13 வருஷமாக. ஏன் மறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2010இல் அவருக்கு 54 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். வயசாகிறது என்று நினைத்தோம். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் குறைவு. முதலில் போன டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அது உண்மைதான். அதனாலேயே வேறு கறுப்பு எதையும் நாங்கள் சந்தேகப்படவில்லை. மூன்று மாதம் அப்படிப் போயிற்று. அந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்து இறங்கினால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் போட்டு ஒரு காலம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தேன். இப்போது போடுவதில்லை.

பெருங்குடலின் வலப் பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கம் குடல் அகலம், உள்ளே போவதும் தண்ணீர்ப் பதம். கட்டி நன்றாக வளரும் வரை அடைப்பு தெரியாது, கசிவு மட்டும் இருந்துகொண்டே இருக்கும். குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது, அதனால் பரவும்போது பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய் உட்காரும் என்று புற்றுநோய் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அப்பாவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. நான்காவது நிலை. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும், "இந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளலாமா டாக்டர்?" என்று கேட்டு வாங்கி நோட்டுக்குள் மடித்து வைத்தார். இன்னும் அதே மடிப்போடு இருக்கிறது.

கீமோ 12 தடவை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் ஏற்றுவார்கள். அப்புறம் ஒரு சின்ன பாட்டில் பம்பை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் ஒரு பலூன். அது தானாகச் சுருங்கச் சுருங்க, 46 மணி நேரம் மருந்து சொட்டும். பார்ப்பதற்குப் பால் பாட்டில் மாதிரியே இருக்கும். "சத்தம் போடாதே, குழந்தை தூங்குது" என்பார். ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழாய் மடங்காமல் ஒரே பக்கமாகப் படுத்திருப்பார். பலூன் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காலையில் எழுந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவார். இதெல்லாம் தேவையா என்று எனக்குக் கோபம் வரும். அவருக்கு அது தேவைப்பட்டது.

ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து, அதற்குக் குளிர்ச்சியே ஆகாது. ஏற்றின பிறகு நாலைந்து நாள் ஜில்லென்று எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே வராதது போல் இருக்கும். முதல் தடவை அப்படி ஆனபோது நான் அலறிவிட்டேன். அதற்கப்புறம் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு ஜோடி கம்பளிக் கையுறையை மாட்டினார். கையுறை போட்டுக்கொண்டுதான் ஃப்ரிட்ஜைத் திறப்பார், பனிமலை ஏறப் போகிற ஆள் மாதிரி. நீ வந்திருந்தபோது, எதற்கு இன்னும் இது இங்கே தொங்குகிறது, தூசி பிடித்து என்று கழற்றப் போனாய். நான் கத்தினேன். அன்றைக்குக் காரணம் சொல்லவில்லை. இதுதான்.

ஏழாவது எட்டாவது தடவைக்கு மேல் விரல் நுனி மரத்துப்போயிற்று. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன். நோட்டைப் புரட்டினால் அது அப்படியே தெரிகிறது. முதல் பக்கங்களில் அச்சடித்த மாதிரி குண்டு குண்டான எழுத்து. நடுவில் எழுத்து பெரிசாகிறது. கடைசிப் பக்கங்களில் 'க'வும் 'த'வும் ஒன்றாகிவிடுகின்றன, பேனா அழுத்தின இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

இப்போது மறைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நான்கு மாதம் உனக்குத் தெரியாது. வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தோம். உனக்குப் படிப்பின் கடைசி வருஷம். பிற்பாடு நீ அழுது சண்டை போட்டபோது, "அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார்" என்றேன். பொய். அவர் முதல் வாரமே உன்னிடம் சொல்லத் துடித்தார். நான்தான் காலில் விழாத குறையாகத் தடுத்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன், முதல் ஸ்கேன் வரட்டும் என்றேன், நல்ல சேதியோடு சேர்த்துச் சொல்லலாம் என்றேன். உண்மையில் எனக்கு அந்த வார்த்தையை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. 'அந்த நோய்' என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் சாதாரணமாக 'என் கேன்சர்' என்பார், ஏதோ அவர் வாங்கின வண்டி மாதிரி.

நோட்டில் 'பாப்பாவிடம் சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. எதிரே டிக் இல்லை. அடுத்த மாதம் மறுபடி அதே வரி. மொத்தம் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறார். ஐந்தாவதற்குத்தான் டிக். இதை நீ பார்க்கக் கூடாது என்றுதான் பீரோவில் பூட்டினேன். அவர் மேல் நீ வைத்திருக்கும் அந்தச் சின்ன வருத்தம் அவருக்குச் சேர வேண்டியதில்லை, எனக்குச் சேர வேண்டியது. இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொள்.

நடுவில் ஏழு மாதம் நன்றாக இருந்தார். நோய் அடங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்க ரத்தத்தில் சிஇஏ என்று ஒன்று பார்ப்பார்கள், அந்த எண் இறங்கியது. அப்புறம் ஏறியது. வேறு மருந்து கொடுத்தார்கள், வயிற்றுப்போக்கில் ஆள் துவண்டார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வாயெல்லாம் இரும்புச் சுவை என்று தட்டைத் தள்ளிவிடுவார். நான் விட மாட்டேன். "இன்னும் ரெண்டு வாய், எனக்காக" என்று கெஞ்சுவேன், அப்புறம் கத்துவேன். ஒருநாள் கண்ணில் நீரோடு முழுங்கினார், பத்து நிமிஷத்தில் வாந்தி. வீட்டுக்கு வந்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பிடாததால் இவர் மெலியவில்லை, நோய் உடம்பின் சத்தையே கரைக்கிறது, கட்டாயப்படுத்தி ஊட்டுவதால் எடை திரும்பாது என்று சொன்னாள். அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் அவராகவே ஒரு வாய் எடுப்பார். அந்தப் பொண்ணு ஒரு மாதம் முன்னாலேயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

மார்ஃபினுக்கும் நான்தான் முட்டுக்கட்டை. அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், இல்லாவிட்டால் அடிமையாகிவிடுவார் என்று பயம். வலிக்கு ஏற்ற அளவில் பார்த்துக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மலச்சிக்கல் மட்டும் கண்டிப்பாக வரும், அதற்கும் சேர்த்தே மருந்து எழுதினார். வலி வந்த பிறகு கொடுக்கிறதல்ல, வருவதற்கு முன்னால் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தை ஆரம்பித்து, இப்படி நேரப்படி கொடுக்கும் முறையைப் பரப்பினார் என்று பின்னால் படித்தேன். அப்பா முதல் ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்து, "ஏம்மா, இதுக்கா இவ்வளவு நாள் யோசிச்ச?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசி மூன்று வாரம் நீ இருந்தாய். நீ அவருக்கு நகம் வெட்டிவிட்டது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. "விரல் மரத்துப்போச்சு, நீ வெட்டுறதே தெரியல. ஆனா நிறுத்தாதே" என்றார். பத்து விரலும் முடிந்த பிறகு மறுபடி முதல் விரலிலிருந்து ராவிக்கொண்டே இருந்தாய். கடைசி ராத்திரி மூச்சு நின்று நின்று வந்தது. ஆழமாக நாலைந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை, அப்புறம் மறுபடி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது வரை எண்ணியும் வராத ஒரு இடைவெளிக்கு அப்புறமும் வந்தது. அதற்கடுத்தது வரவில்லை. என்னால் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை, நீ வந்து என் கையைப் பிடிக்கும் வரை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. எழுத்தைப் படிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. '2025, பாப்பாவுக்கு 40, கொலனோஸ்கோபி.' '2029, தம்பிக்கு 40, அதே.' அடியில், தேதி இல்லாமல், 'இவளுக்கும்.'

கொலனோஸ்கோபி என்றால் கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கிற டெஸ்ட். டாக்டரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். பெற்றவருக்கு 60 வயதுக்குள் இது வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே பார்க்க ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. அவருக்கு 54, பத்து கழித்தால் 44. அப்படியானால் 40தான் முந்தி. அந்தக் கழித்தலையும் பக்க ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று வந்தாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டியைச் சோதித்ததில் லிஞ்ச் என்கிற பரம்பரை வகைக்கான அடையாளம் இல்லை என்று அப்போதே சொன்னார்கள். அதனால் ரொம்பப் பயப்பட வேண்டாம். ஆனால் மற்றவர்களைவிட உங்கள் இருவருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உனக்கு ரத்தம் போகிறதா, வலி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்த டெஸ்ட்.

நான் போய்ப் பார்த்துக்கொண்டேன், ஆறு வருஷம் முன்னால். உங்களிடம் சொல்லவில்லை. (பார், மறுபடியும் மறைத்திருக்கிறேன். புத்தி மாறவில்லை.) முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கஷ்டம், லிட்டர் கணக்கில், ராத்திரியெல்லாம் பாத்ரூமிலேயே குடியிருக்க வேண்டும். மறுநாள் மயக்கத்தில் ஒன்றும் தெரியாது. குடல் சுவரில் இரண்டு சின்னப் பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருந்தது, அங்கேயே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரி ஒன்று கேன்சராக மாற, மாறுவதாக இருந்தால், பத்து வருஷம் போல எடுக்குமாம். வீட்டுக்கு வந்து 'இவளுக்கும்' எதிரே நானே டிக் அடித்தேன். அந்த மனுஷனுக்கு அதில் அப்படி என்ன சுகம் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

நோட்டைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீ தேதி வாங்கிவிட்டுச் சொல். இரண்டு நாள் முன்னாலேயே எடுத்துக்கொண்டு வருகிறேன், பேதி மருந்தை மிரட்டிக் குடிக்க வைக்கவும் ஆள் வேண்டுமே. டிக் மட்டும் நீ அடி.

அம்மா