மாக் ஆரஞ்ச் வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"மூணு வருஷமா வளர்க்கிறோம், செடி நல்லா இருக்கு, ஆனா பூவே காணோம்." மாக் ஆரஞ்ச் வாங்கிப்போனவர்களிடமிருந்து எங்களுக்கு அடிக்கடி வரும் செய்தி இது. படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்று, அவர்கள் நினைத்து வாங்கிய செடியே அது இல்லை. இல்லையென்றால், வெட்டக்கூடாத நேரத்தில் வெட்டிவிட்டார்கள். முதல் காரணத்தில் எங்கள் தவறும் இருக்கிறது, தொட்டியில் வெறும் "மாக் ஆரஞ்ச்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தோம். வெள்ளைப் பூ, ஆரஞ்சுப் பூவின் வாசம் என்றால் போதும், எந்தச் செடிக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இந்தப் பெயரில் விற்கும் செடிகளில் உங்களிடம் இருப்பது எது என்று இலையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இலைகள் கிளையில் எதிரெதிராக இரண்டிரண்டாக இருந்து, ஒவ்வொன்றும் தனி இலையாக, அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் கிளம்பினால் அது பிலடெல்ஃபஸ். ஒரே காம்பில் மூன்று முதல் ஒன்பது சிற்றிலைகள் வரை இருந்து, பார்க்கக் கறிவேப்பிலைக்குச் சொந்தம்போலத் தெரிந்தால் அது முரயா, காமினி என்றும் சொல்வார்கள். சொந்தம்தான், இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். முரயா இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியதுபோல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். பிலடெல்ஃபஸில் அது கிடையாது. பூவில் என்றால் இதழை எண்ணினால் போதும்: ஒற்றையடுக்கு பிலடெல்ஃபஸுக்கு நான்கு இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் கொத்தாக இருக்கும், முரயாவுக்கு ஐந்து.

இலைகள் தடித்து, விளிம்பு கீழ்ப்புறமாகச் சுருண்டு, கிளை நுனியில் வட்டமாகக் கூடியிருந்தால் பிட்டோஸ்போரம் டோபிரா. கடற்காற்றைத் தாங்கும். மெக்சிகோவைச் சேர்ந்த சோய்சியாவுக்கு மூன்று மூன்றாகச் சிற்றிலை. டியூட்சியாவையும் சிலர் இதே பெயரில் கேட்கிறார்கள், அது பிலடெல்ஃபஸின் உறவு, ஆனால் ஐந்து இதழ், இலை தொட்டால் சொரசொரக்கும்.

பெயர்க் குழப்பம் இன்று வந்ததும் இல்லை. தண்டின் நடுவிலுள்ள மென்மையான சோற்றை எடுத்துவிட்டுக் குழலாகப் பயன்படுத்தியதால் லைலாக் என்ற வாசனைப் பூச்செடியையும் பிலடெல்ஃபஸையும் முன்பு சிரிங்கா என்றே அழைத்தார்கள். 1753ல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அந்தப் பெயரை லைலாக்குக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அமெரிக்காவின் இடாஹோ மாநிலம் 1931ல் தன் மலராக எடுத்துக்கொண்ட பிலடெல்ஃபஸை அங்கே இன்னமும் சிரிங்கா என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். பிலடெல்ஃபஸ் குளிர்காலம் உள்ள ஊர்களுக்கான செடி. இலையை உதிர்த்து ஓய்வெடுக்கக் குளிர் கிடைக்காத இடத்தில் அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வோம், விற்பனை போனாலும் பரவாயில்லை. உறைபனி இல்லாத வெப்பமான இடமா, முரயா வாங்குங்கள். இரண்டுக்கும் நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும், பூ குறையும். நடும்போது மக்கிய உரம் கலந்து, அப்புறம் வேரைச் சுற்றி மூடாக்கு போட்டு, முதல் வருடம் மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான் முக்கியம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிலடெல்ஃபஸ் போன வருடம் வளர்ந்த கிளையில்தான் இந்த வருடம் பூக்கும். கோடைத் தொடக்கத்தில் பூத்து முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கிறதே என்று கத்திரியை எடுத்தால், வரப்போகும் பூவைத்தான் வெட்டிப் போடுகிறீர்கள். மேலே மட்டம் தட்டுவதும் வேண்டாம். வயதான தண்டுகளில் நான்கில் ஒன்றை அடியோடு எடுங்கள், கீழிருந்து புதிய தண்டுகள் கிளம்பி வரும். டியூட்சியாவுக்கும் இதே முறைதான். முரயா அப்படி இல்லை. புதுத் துளிரின் நுனியில் பூக்கும், மண் காய்ந்து கிடந்த பிறகு நல்ல மழையோ நீரோ கிடைத்தால் வருடத்தில் பலமுறை பூக்கும். ஆனால் வேலியாக வைத்து வாராவாரம் கத்தரித்துக்கொண்டே இருந்தால் மொட்டு நுனியோடு போய்விடும், பச்சைச் சுவர் மட்டும்தான் மிஞ்சும்.

முரயா வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை எது இருந்தாலும் பக்கத்தில் முரயா வைக்காதீர்கள். சிட்ரஸ் மரங்களை அழிக்கும் பசுமையாக்கல் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சிக்கு முரயாவின் இளந்துளிர் மிகவும் பிடிக்கும். இந்தக் காரணத்துக்காக முரயாவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகச் சில நாடுகளில் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன.

வாசத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் பூத்திருக்கும்போது வந்து முகர்ந்து பார்த்து எடுங்கள், ஏனென்றால் எல்லா பிலடெல்ஃபஸும் மணக்காது. பிலடெல்ஃபஸ் இனோடோரஸ் என்ற இனத்தின் பெயருக்கே மணமற்றது என்றுதான் பொருள்.

இனிமேல் எங்கள் தொட்டிகளில் தாவரவியல் பெயர், எப்போது வெட்டலாம் என்ற குறிப்பு இரண்டும் இருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள் இலைகளோடு ஒரு சிறு கிளையைக் கொண்டுவாருங்கள், அல்லது இலை கிளையில் சேரும் இடம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். உங்களிடம் இருப்பது எது, எப்போது வெட்ட வேண்டும் என்று எழுதி அனுப்புகிறோம். அதுவரை கத்திரியை எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணையிலிருந்து