செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வைகைப் பாலத்து நெரிசலைத் தாண்டிச் செல்லூர் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறவில்லை. நூலக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது நேரலையைப் பற்றி. இந்த ஆண்டு நிர்வாகக் குழு அதிகம் ஏச்சு வாங்கியதும் அதற்காகத்தான்.

சித்திரைத் திருவிழாவையொட்டி நடந்த பட்டிமன்றத்தை முதன்முதலாக யூடியூபில் விட்டோம். மைக்குகளின் சத்தத்தைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்து லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகினோம். அந்த ஓட்டை மில்லிவோல்ட் கணக்கில் வாங்கக்கூடியது. மிக்சர் தள்ளுவதோ ஒரு வோல்ட் அளவுக்கு. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசியதுபோல் குரல் கரகரத்தது. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறுப்பினர் போன் போட்டு, "அண்ணே, நிப்பாட்டிருங்க" என்றார்.

யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினோம். கரகரப்பு போய் "ங்ங்" என்று ஒரு இரைச்சல் வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் அடங்கும், சொருகினால் வரும். மிக்சருக்கு மேடைப் பக்கக் கரண்ட், லேப்டாப்புக்கு வாசல் பக்கக் கரண்ட். வந்தது எர்த் கோளாறு. ரேடியோ செட் அண்ணன் இரண்டையும் ஒரே பலகையில் சொருகி, நடுவில், மின் தொடர்பைத் துண்டித்துச் சத்தத்தை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரையும் மாட்டியபின்தான் ஓய்ந்தது.

அதற்கப்புறம் வந்த புகார்தான் எங்களை உண்மையில் யோசிக்க வைத்தது. நடுவர் அடித்த ஜோக்குக்கு மண்டபமே குலுங்கியது. நேரலையில் கேட்டால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாவம், ஆளில்லாத வீட்டில் பேசுகிறார். நாதஸ்வரக் கச்சேரியிலும் இதே கதை. நம் மண்டபத்துக்குத் தவிலுக்கு மைக் எதற்கு? வைக்கவில்லை. நேரலையில் தவில் பக்கத்துத் தெருவில் ஒலித்தது. ஸ்பீக்கருக்குப் போகிற கலவையையே நேரலைக்கும் அனுப்பியதுதான் தப்பு.

இப்போது நேரலைக்கு மிக்சரின் ஆக்ஸ் வழியை, அதாவது வேறொரு கலவையை வெளியே அனுப்பும் வழியை, தனியாக ஒதுக்கியிருக்கிறோம். பேடர் என்பது மண்டபத்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை. ஆக்ஸை 'ப்ரீ'யில், அதாவது பேடருக்கு முன்பே சத்தத்தை எடுக்கும்படி வைத்தால், பேடரை ஏற்றி இறக்கினாலும் நேரலை அசையாது. தவிலுக்கு ஒரு மைக், கூட்டத்தை நோக்கி ஒரு கண்டன்சர் மைக். இரண்டுக்கும் பேடர் அடியில். ஆக்ஸ் குமிழ் மட்டும் திறந்திருக்கும். கூட்டத்து மைக்கைத் தெரியாமல் ஸ்பீக்கருக்கு ஏற்றினால் ஊளைதான். கண்டன்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பான்டம் பொத்தானை அழுத்த மறந்து, ஒருநாள் முக்கால் மணி நேரம் வயரைச் சந்தேகப்பட்டதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேமராப் படம் கணினிக்குள் சற்றுப் பிந்தி வருவதால் சத்தம் உதட்டை முந்தியது. நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் சத்தத்தையும் அதே அளவு தாமதப்படுத்துகிறோம். நிகழ்ச்சிக்கு முன் நான் மேடையேறி ஒரே ஒரு தட்டு கைதட்டுவது அந்தக் கணக்குப் பார்க்கத்தான். எனக்கு நானே தட்டிக்கொள்வதாகப் பின்வரிசையில் யாரும் பேச வேண்டாம்.

மிக்சரில் உட்கார இரண்டு இளைஞர்கள் தேவை. பெயர் கொடுங்கள். ஹெட்போன் மாட்டியிருப்பவரைக் காபி எடுத்துவர அனுப்பாதீர்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.