பாடக் குறிப்பேட்டில் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்வியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட வரும் பேராசிரியர்களுக்கும், செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள், அதில் 20 வாரங்களைப் பள்ளிக்கென்று ஒதுக்கின. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வாரங்களின் மாலை நேரம் முழுவதையும், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டித் திட்டம் எழுதும் பாடக் குறிப்பேடு விழுங்கிவிடுகிறது. பயிற்சியில் இருக்கும் மாணவ ஆசிரியர்களான நாங்கள் எழுதச் சோம்பல்பட்டு இதைச் சொல்லவில்லை. திட்டமில்லாமல் வகுப்புக்குள் நுழைபவர் பத்தாவது நிமிடத்தில் திணறிவிடுவார். எங்கள் குறை வேறு. இப்போதுள்ள படிவம் ஆசிரியர் என்ன பேசப்போகிறார் என்று விலாவாரியாகக் கேட்கிறது. பிள்ளைகள் அந்த 45 நிமிடமும் கையால் என்ன செய்வார்கள், அவர்களில் யாருக்கு அது முடியாமல் போகும் என்று கேட்பதே இல்லை.

முன்னறிவு, ஆர்வமூட்டல், பாடப்பொருள் வழங்கல், தொகுத்தல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்ற வரிசை, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கல்வியியலாளர் ஹெர்பார்ட்டின் சீடர்கள் வகுத்த படிகளின் வழியில் வந்தது. படிகள் இருக்கட்டும். 'மாணவர் செயல்' என்ற பத்தியைப் புரட்டிப் பாருங்கள். கவனித்தல், பதில் கூறுதல், குறிப்பெடுத்தல். தமிழுக்கும் இதுதான், கணக்குக்கும் இதுதான், எந்த வகுப்புக்கும் இதுதான். சீனியரின் ரெக்கார்டை அப்படியே பார்த்து எழுதினாலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஆர்வமூட்டல் இன்னொரு சடங்கு. காலையில் என்ன சாப்பிட்டாய், இட்லி எதில் செய்தது, அரிசி எங்கிருந்து வருகிறது, நெல்லை எங்கே விற்பார்கள் என்று படிப்படியாகக் கேட்டு, 'ஆகவே இன்று நாம் சதவீதம் படிக்கப்போகிறோம்' என்று முடிப்பது. இதில் ஏழெட்டு நிமிடம் போகிறது. தலைப்பு எழுதிய சார்ட் அதற்குள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆர்வம் கேள்வியில் ஒட்டியிருக்க வேண்டியதில்லை, வேலையில் இருந்தால் போதும்.

அந்தச் சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பில் மூன்றாம் பருவத்தில் வருகிறது, அதாவது சம்பா அறுவடை நேரத்தில். ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கும். மூட்டை 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இந்த இரண்டு எண்களே ஒரு பாடவேளைக்குப் போதும்.

நாற்பது பிள்ளைகள் என்றால் நான்கு பேராகப் பத்துக் குழு. ஆறு பேராக வைத்தால் இருவர் வேலை பார்ப்பார்கள், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். குழுவுக்கு ஒரு பை புளியங்கொட்டை, 120-க்குக் குறையாமல். சரியாக நூறு எண்ணிப் போட முயல வேண்டாம். ஒரு பையில் 98 இருந்தாலும் அந்தக் குழுவின் விடை கடைசிவரை இடறும். பத்துப் பத்தாகக் கூறு கட்டி, பத்துக் கூறு எடுக்கச் சொன்னால் போதும். ஒவ்வொன்றாக நூறு வரை எண்ணுவதைவிட இது வேகமானது. எங்கே பிசகியது என்பதும் கண்ணுக்குத் தெரியும். பைகளை முந்தின நாளே கட்டி வைக்காவிட்டால், வகுப்பில் பங்கு போடுவதற்குள் பொறுமையும் நேரமும் போய்விடும்.

குழுக்களுக்குச் செய்ய வேண்டியதை அட்டைகளில் எழுதிக் கொடுக்கலாம். முதல் அட்டையில் ஒரே வேலை: நூறில் 17-ஐ ஒதுக்கு, அதுதான் 17%. இரண்டாம் அட்டை: 40 கிலோ மூட்டையில் 17% ஈரம் என்றால் அது எத்தனை கிலோ? இங்கே பல பிள்ளைகள் 40-லிருந்து 17-ஐக் கழித்து 23 என்பார்கள். காரணம் கவனக்குறைவு அல்ல. கொள்முதல் நிலையத்தில் 'ஈரம் 17' என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பிள்ளை அதைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறது. 'தப்பு, உட்கார்' என்றால் அந்த எண்ணம் அப்படியே உள்ளே தங்கிவிடும். '80 கிலோவிலும் அதே 17 கிலோதான் தண்ணீரா?' என்று கேட்டால் பிள்ளைகளுக்குள்ளேயே வாக்குவாதம் கிளம்பும். கிளம்பட்டும்.

வழி இதுதான்: 40-ல் 10% என்பது 4 கிலோ. அதில் பாதி 5%, அதாவது 2 கிலோ. 1% என்பது 0.4, ஆகவே 2% என்பது 0.8. கூட்டினால் 6.8 கிலோ. தசமம் வராத பிள்ளை 15 சதவீதத்தோடு நின்று '6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே' என்று சொன்னால் அதையும் விடையாக ஏற்க வேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே கணக்கைத்தான் செய்கிறது; ஏறும் படிதான் ஆளுக்கு ஆள் வேறு. குறிப்பேட்டில் 'மெல்லக் கற்போருக்கான செயல்பாடு' என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் எழுதுவது 'மீண்டும் விளக்குதல்'. நடைமுறையில் அதே விளக்கம், சற்று உரத்த குரலில்.

மூன்றாம் அட்டை விரைவாக முடிப்பவர்களுக்கு: 20% ஈரமுள்ள 40 கிலோ நெல்லைக் காயவைத்து 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு குறையும்? பயிற்சி ஆசிரியரே இதை முன்கூட்டிப் போட்டுப் பார்க்காவிட்டால் கரும்பலகை முன்னால் மாட்டிக்கொள்வார். மூன்று சதவீதம்தானே, 1.2 கிலோ என்று தோன்றும். தவறு. தண்ணீர் போகப் போக மொத்த எடையும் குறைகிறது. 1.2 கிலோ மட்டும் குறைந்திருந்தால் 38.8 கிலோவில் 6.8 கிலோ தண்ணீர் இருக்கும், அது 17.5%, வரம்பைத் தாண்டிவிட்டது. மாறாதது தண்ணீர் நீங்கலான 32 கிலோ. அது புதிய எடையில் 83% என்றால், மொத்தம் ஏறக்குறைய 38.55 கிலோ. குறைந்தது 1.45 கிலோ. ஏழாம் வகுப்பில் எல்லோருக்கும் இது எட்டாது, எட்டவும் வேண்டாம். 38.8-ஐச் சரிபார்க்கும் வரை போனாலே ஒரு குழுவுக்கு அன்றைய தீனி ஆயிற்று.

இனி, இந்தப் பாடத்துக்குள் யாரெல்லாம் வர முடியும் என்பது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பயிற்சிக்குப் போகும் வகுப்பில் அவற்றில் ஒன்றிரண்டாவது இருக்கும், பல நேரம் பெயர் வைக்கப்படாமலே. பார்வை இல்லாத பிள்ளைக்குச் சார்ட்டில் வரைந்த பத்துக்குப் பத்துக் கட்டத்தால் பயனில்லை. பத்து மணி கோத்த சரம் பத்து இருந்தால் விரலாலேயே 17-ஐப் பிரித்துவிடும். காது கேட்கும் கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். எனவே அந்தக் குழுவைத் தெருவோரச் சன்னலிலிருந்து தள்ளி, சுவரோரம் உட்கார வைத்து, செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு நாம் கரும்பலகையைப் பார்த்துப் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் நட்டம். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் முகம் இருட்டாகத்தான் தெரியும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை கூறு கட்டட்டும். அது ஒப்புக்குக் கொடுத்த வேலை ஆகாது; அந்தக் கூறுகள் சரியாக இல்லாமல் குழுவின் விடை நிற்காது. சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை இருந்தால் எல்லாக் குழுக்களுமே மேசையில் வேலை செய்யட்டும், தரையில் வேண்டாம்.

கரும்பலகை எழுத்து 5 செ.மீ. உயரமாவது இருந்தால்தான் 20 அடிக்கு அப்பால் இருப்பவர் சிரமமில்லாமல் வாசிப்பார். வெள்ளை, மஞ்சள் சாக்பீஸ் போதும். சிவப்பும் நீலமும் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள்.

குறைபாடு என்று எந்தப் பட்டியலிலும் வராத ஒரு விலக்கம் நம் பகுதிக்கே உரியது. 'உங்க வீட்ல எத்தனை மா நிலம்?' என்று ஒரு பயிற்சி ஆசிரியர் உற்சாகமாகக் கேட்கலாம். ஒரு ஏக்கருக்கு மூன்று மா, 20 மா ஒரு வேலி என்று பின்னக் கணக்கை அழகாகத் தொடங்கலாம்தான். ஆனால் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் அந்தக் கேள்வி வகுப்பை இரண்டாகப் பிளந்துவிடும். எந்தப் பக்கம் எந்தத் தெரு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நிலத்தின் அளவைக் கரும்பலகையில் எழுதிக் கணக்காகக் கொடுக்கலாம், யாருடையது என்று கேட்கக் கூடாது. மூட்டையை எடுத்துக்காட்டாகச் சொன்னதும் இதனால்தான்: சுமை தூக்குபவர் வீட்டுப் பிள்ளைக்கும், லாரி ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளைக்கும், நெல் போட்டவர் வீட்டுப் பிள்ளைக்கும் அது தெரிந்த பொருள். குழு பிரிப்பதும் அப்படியே. 'பிடித்தவர்களோடு சேருங்கள்' என்றால் தெருப்படிதான் சேர்வார்கள். சீட்டுக் குலுக்குங்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பது பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில் சொல்பவர்களும் கூடுகிறார்கள், பதில்களும் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களிலேயே காட்டிவிட்டார். பார்வையாளர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது மூன்று விநாடி மௌனம் எங்களுக்கு மூன்று நிமிடமாகத் தோன்றுகிறது, உடனே முன்வரிசைப் பிள்ளையிடம் தாவிவிடுகிறோம். அந்த மௌனத்துக்கு மதிப்பெண் குறையாது என்று நீங்கள் சொன்னால் போதும்.

வடகிழக்குப் பருவமழையில் தகரக் கூரைமேல் மழை கொட்டினால் குரல் எடுபடாது, கரண்டும் போகும், ஸ்மார்ட் போர்டு சும்மா நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் பயிற்சிக்கு, பேசாமலே ஓடக்கூடிய அட்டைப் பாடம் ஒன்றைக் கைவசம் வைக்கச் சொல்வது நல்லது.

உங்களிடம் கேட்பது இவைதான். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வகுப்பின் நிலை வரட்டும்: சரளமாக வாசிப்பவர், எழுத்துக்கூட்டி வாசிப்பவர், அடிக்கடி வராதவர், வீட்டில் வேறு மொழி பேசுபவர், பார்க்கவோ கேட்கவோ சிரமப்படுபவர். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். குறிப்பேடு பல கை மாறும் பொருள். தொடக்க வகுப்புகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே பாடம் நடத்துகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் எல்லோரும் மலர்ந்துவிட்டதாக எங்கள் படிவம் நினைத்துக்கொள்வது வேடிக்கை.

'மாணவர் செயல்' பத்தியில் கவனித்தல் என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பொருள், எத்தனை, எத்தனை நிமிடம், முடிவில் பிள்ளை கையில் என்ன இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். குறிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் கீழும் வகுப்பு முடிந்தபின் எழுதும் நான்கு வரிக்கு மதிப்பெண் கொடுங்கள். அதற்கு ஆதாரமாகக் கடைசி ஐந்து நிமிடத்தில் அரைத்தாளில் ஒரு கேள்வி: '50 கிலோ மூட்டையில் 20% ஈரம், ஈரம் எத்தனை கிலோ?' 10 என்பவை ஒரு கட்டு. 20 அல்லது 30 என்பவை ஒரு கட்டு. சதவீதத்தைக் கிலோவாக எடுத்தவர்கள் இவர்கள். வெற்றுத்தாள்கள் இன்னொரு கட்டு. எந்தக் கட்டில் எத்தனை, நாளை எந்த அட்டையிலிருந்து தொடங்குவது என்பதே அந்த நான்கு வரி. இதை யாரையும் பார்த்து எழுத முடியாது.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு உதவும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே ஒருநாள் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பள்ளியின் பிள்ளைகளை அவருக்குத் தெரியும். உங்களில் யார் பார்வையிட வந்தாலும் கடைசி பெஞ்சில் படிவத்தோடு உட்காராமல், ஏதாவது ஒரு குழுவின் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்.

செய்முறைத் தேர்வன்று துணைக்கருவிகளைப் பார்க்கும்போது, தெர்மோகோல் மாதிரிகளுக்கும் பளபளக்கும் சார்ட்டுகளுக்கும் இப்போது கிடைக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு, பிள்ளைகள் கை பட்டு அழுக்கேறிய புளியங்கொட்டைப் பைக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த பயிற்சிப் பருவத்தில் ஒரு கல்லூரியில், ஒரே ஒரு பாடப்பிரிவுக்கு மட்டும் இந்தப் படிவத்தை அனுமதித்தாலும் போதும். மாதிரிக் குறிப்புகளை எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
காவிரிப் படுகைப் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கும் பி.எட். மாணவ ஆசிரியர்கள்