பாம்பன், குருசடை ட்ரிப்: 12-ம் தேதிக்குள்ள பதில் போடுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி 24 சனி காலைல 4 மணிக்கு நம்ம கேட் முன்னாடி இருந்து வேன் கிளம்புது, ராத்திரி ராமேஸ்வரத்துல தங்கிட்டு ஞாயிறு சாயங்காலம் மதுரை திரும்பிடலாம்.

1. சனிக்கிழமை குந்துகால்ல வனத்துறை போட்ல குருசடை தீவு. மன்னார் வளைகுடா தேசிய பூங்காவோட 21 தீவுல ஒண்ணு. காத்து ஜாஸ்தியா இருந்தா போட் விடமாட்டாங்க, அப்ப யாரும் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

2. மதியத்துக்கு மேல அரிச்சல்முனை. தனுஷ்கோடி பக்கம் இந்த சீசன்ல பூநாரை வரும், பைனாகுலர் இருக்கவங்க எடுத்துட்டு வாங்க.

3. ஞாயிறு காலைல பிரப்பன்வலசைல கயாக், ஸ்நார்கலிங். நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

4. கரையில கிடக்குற செத்த பவளத் துண்டைக்கூட பைல போடக்கூடாது, 1972 வனவிலங்கு சட்டப்படி கேஸ் ஆகும், கடல் அட்டையும் அப்படித்தான், பசங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க.

5. ஆவுளியா (கடல் பசு) பாக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. கடல்புல் மேயுற ஜீவன், கூச்சம் அதிகம், கண்ணுல படுறதே அபூர்வம், அதை நம்பி வராதீங்க.

6. தொப்பி, மாத்துத் துணி, வாந்தி மாத்திரை.

பிளாட் நம்பர், எத்தனை பேர், பசங்க வயசு மூணையும் 12-ம் தேதி திங்கள் ராத்திரிக்குள்ள இங்கயே போடுங்க, தம்ப்ஸ் அப் மட்டும் போட்டா கணக்குல வராது.