ஆண்டிக்குத் தோண்டி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பதிப்பில் சித்தர் பாடல்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். கடுவெளிச் சித்தரின் ‘பாபஞ்செய்யாதிரு மனமே’ என்னும் பாடலில் வரும் புகழ்பெற்ற கண்ணிக்குக் கட்டுரையாளர் வழமையான விளக்கத்தையே தந்திருக்கிறார். கண்ணி இது:

நந்த வனத்திலோ ராண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி.

ஆண்டி என்பது சீவன், குயவன் படைத்தவன், நாலும் ஆறும் கூடிய பத்து மாதம் கருவிலிருந்த காலம், தோண்டி உடம்பு, அதை ஆட்டபாட்டத்தில் அழித்துக்கொண்டான், ஆகவே யாக்கை நிலையாது என்பதே அந்த விளக்கம். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் படித்தோம். இறந்தவர்களுக்காக வெளியிடும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களிலும் இதுவே திரும்பத் திரும்ப அச்சாகிறது. இது பிழையென்று நான் வாதிடவில்லை. பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே என் எண்ணம்.

யாக்கை நிலையாமையை மட்டும் சொல்வதற்குச் சித்தருக்கு இந்தக் கண்ணி தேவைப்பட்டிராது. அதே பாடலில், இதற்குச் சற்று முன்பாகவே, ‘நீர்மேற் குமிழியிக் காயம் – இது நில்லாது போய்விடும் நீயறி மாயம்’ என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். நேரே சொல்லி முடித்ததை உடனேயே விடுகதையாக்கி மறுபடியும் சொன்னார் என்றால், சொற்சிக்கனத்துக்குப் பேர்போன சித்தர் மரபுக்கு அது பொருந்துமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்னை நெடுநாளாக உறுத்துவது வேறொன்று. ஆண்டிக்கும் குயவனுக்கும் தோண்டிக்கும் பொருள் சொல்கிறவர்கள், கண்ணியின் முதற் சொல்லாக நிற்கும் நந்தவனத்தை மட்டும் ‘உலகம்’ என்று ஒரு வார்த்தையில் கடந்து போய்விடுகிறார்கள். உலகத்தைச் சொல்லச் சந்தை இருக்கிறது, சத்திரம் இருக்கிறது, காடு இருக்கிறது. ஒன்றுமில்லாத ஆண்டியைக் கொண்டுபோய்ப் பூந்தோட்டத்தில் ஏன் நிறுத்த வேண்டும்? நந்தவனம் எவரும் உல்லாசமாகக் காற்று வாங்கும் இடமன்று. கோயிற் பூசைக்குப் பூக் கொடுப்பதற்காக வளர்க்கப்படுவது; அங்கே இருப்பவனுக்கு வேலை உண்டு. குடிப்பதற்கும் உண்பதற்கும் ஆண்டியிடம் திருவோடு இருக்கும். அவன் குயவனிடம் இரந்து நின்றது தண்ணீர் மொள்ளும் பாத்திரத்துக்காக. தோட்டத்தில் இருப்பவன் தண்ணீர்ப் பாத்திரம் கேட்டால் எதற்கென்று விளக்க வேண்டுமா?

எங்கள் மட்டக்களப்புக் கரையோரக் கிராமங்களில் இதைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. இங்கே மண் வெறும் மணல். காலையில் ஊற்றிய நீர் மத்தியானத்துக்குள் காணாமற் போய்விடும். பூவலில், அதாவது மணலில் தோண்டிய சிறு கிணற்றில், மொண்டு இடுப்பில் சுமந்து வந்து, குடத்தின் வாய்க்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, நீர் கையில் விழுந்து வழியும்படி செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் ஊற்றுவார்கள். நேராக ஊற்றினால் மணல் கரைந்து வேர் வெளியே தெரிந்துவிடும். இந்த வேலையில் ஒரு நாள் தவறினால் இலை வாடிக் காட்டிக்கொடுக்கும். தோண்டி உடைந்தவனின் தோட்டம் என்னவாகியிருக்கும் என்பதைச் சித்தர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் கண்ணியின் கனம் இருக்கிறது என்று நான் கொள்கிறேன்.

அப்படி வாசித்தால் குயவனிடம் மாதக்கணக்கில் வேண்டியதற்கும் பொருள் கிடைக்கிறது. சக்கரத்தில் ஒரு தோண்டியை வனைந்தெடுக்க அதிக நேரம் செல்லாது. காய்ந்து சூளையில் வேகச் சில நாட்கள் செல்லும், அவ்வளவே. ஆண்டி காத்திருந்தது மண்ணுக்காகவன்று, மனமிரங்குவதற்காக. விலை கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. விலையின்றிக் கிடைத்தது என்பதனாலேயே அது அவன் விருப்பம்போல் ஆளக்கூடிய சொந்தப் பொருளன்று. ஒரு வேலைக்காக நம்பிக் கொடுக்கப்பட்டது. (நாலாறு பத்தா, வாய்பாட்டின்படி இருபத்துநான்கா என்ற பழைய வழக்கை நான் கிளப்பவில்லை. எதுவானாலும் நெடுநாள் இரந்தான்.)

கூத்தாடியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் அதைச் சிற்றின்பக் களியாட்டம் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டார். மட்டக்களப்பான் ஒருவனால் அதை அவ்வளவு எளிதில் ஏற்க முடியாது. எங்கள் நாட்டுக்கூத்தில், ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டங்கொடுத்த நாள் தொடங்கிச் சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கண்ணுக்கும் மத்தளத்துக்கும் கட்டுப்பட்டு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கூத்தின் இரு வகைகளான வடமோடியாயினும் தென்மோடியாயினும் தாளம் பிசகினால் ஆடுகளமாகிய களரியில் நிற்க முடியாது. கரகம் ஆடுகிறவர் தலையிலிருக்கும் குடம் ஆட்டத்தினால் விழுவதில்லை. கவனம் விலகினால்தான் விழும். சித்தரும் ஆட்டத்தைப் பழித்தாரென்று எனக்குத் தோன்றவில்லை. ‘மெத்த’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். கிடைத்த சந்தோசத்தில் ஆடத் தொடங்கியவன், எதற்காகக் கிடைத்தது என்பதை மறக்குமளவுக்கு ஆடிவிட்டான். தோண்டி தானாக உடைந்ததென்றும் அவர் பாடவில்லை, ‘போட்டுடைத்தான்’ என்கிறார். நீர்க்குமிழி உடைவதற்கு யாரும் பொறுப்பில்லை. தோண்டி உடைந்ததற்கு ஆண்டி பொறுப்பு. முந்திய கண்ணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அப்படியானால் நந்தவனம் எது? பல்லவியிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். பாடல் முழுவதும் மனத்தை விளித்துப் பாடப்படுகிறது. காரைதீவில் 1892இல் பிறந்த துறவியும் தமிழறிஞருமான விபுலானந்த அடிகளின் ‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாடலை இப்பகுதியில் அறியாதவர் குறைவு. வள்ளலின் அடியிணைக்கு வாய்த்த மலர் எதுவென்று கேட்டு, அது உள்ளக் கமலம் என்று அடிகள் விடை தருகிறார். சித்தர் பாடலை மனதில் வைத்து அடிகள் அதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்கு வழி திறக்கிறது. பூக்க வேண்டியது உள்ளம்; அதற்கு நீர் வார்க்கத் தரப்பட்டது உடம்பு. அன்பும் தொண்டும் வழிபாடும் இந்த உடம்பாகிய பாத்திரத்தில் மொண்டுதான் உள்ளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உடம்பை வெறும் அழுக்குப் பாண்டமென்று இகழும் பாடல்களிலிருந்து இந்தக் கண்ணி விலகி நிற்பது இதனால்தான். இங்கே தோண்டி இழிந்ததன்று, உடைந்தது பேரிழப்பு. ‘நல்ல வழிதனை நாடு’ என்று பாடல் பின்னர் திரும்புவதும், இனிச் செய்ய வேண்டிய வேலையைச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

பாடலில் தண்ணீரும் இல்லை, செடியும் இல்லையே, இவற்றை எங்கிருந்து கொண்டுவந்தீர் என்று கட்டுரையாளர் கேட்கலாம். கருப்பையும் பிரமனும்கூடப் பாடலில் இல்லை, நந்தவனமாவது இருக்கிறது. இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது நான்கு அடிகளை மட்டும் பிரித்தெடுக்காமல், முன்னும் பின்னும் உள்ள கண்ணிகளையும் சேர்த்து அச்சிட்டால், எந்த வாசிப்பு பொருந்துகிறது என்பதை வாசகர்களே ஒப்புநோக்கிக் கொள்வார்கள். அதற்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.