செய்து காட்டியது போதும், கம்பியைக் கையில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் நெருங்கினால் நம் பக்கத்து ஊர்களில் கோயில் மண்டபத்திலும் நூலகத்திலும் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கப் பலர் முன்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒருவர் மேசையில் செய்து காட்டுகிறார், நாற்பது பேர் எட்டிப் பார்க்கிறார்கள். சோடா உப்பில் வினிகர் ஊற்றும் எரிமலைக்கு (இன்னும் எத்தனை வருசம் அது பொங்குமோ!) கைதட்டல் கிடைக்கும், கேள்வி வராது. இரண்டு பேருக்கு ஒரு செட் கொடுத்து, ஓடாததை அவர்களே ஓட வைக்கும்படி விட்டால்தான் கேள்வி வரும்.

இதற்கு வாகானது பிள்ளைகளே செய்யும் குட்டி மோட்டார். அதற்கு வேண்டிய பொருள் மோட்டார் காயில் (சுருள்) கம்பி. 1937இல் கோவைத் தொழிலதிபர்கள் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மோட்டார் செய்த சீமை இது. பல்லடம், கோபி, பொள்ளாச்சி என்று எங்கே போனாலும் பழுதான மோட்டாருக்குப் புதுக்கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை இருக்கிறது. ரீல் கடைசியில் மிஞ்சும் கம்பியைக் கேட்டு வாங்கலாம். ஆனால் கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) சொல்லிக் கேட்க வேண்டும். 24 முதல் 26 கேஜ் எனாமல் கம்பிதான் (மின்சாரம் கடத்தாத பூச்சு உள்ள செம்புக் கம்பி) சரி. சீலிங் ஃபேன் கம்பி முடி மாதிரி மெல்லியது, காயில் துவண்டுவிடும். போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை, உப்புத்தாளுக்கு மசியாது. புகைந்த மோட்டாரில் பிரித்த கம்பியும் ஆகாது. எனாமல் கருகியிருப்பதால் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும்.

ஒரு செட்டுக்கு 80 செ.மீ. கம்பி, ஒரு பெரிய டார்ச் செல், 5 செ.மீ. ஊக்கு இரண்டு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் மெல்லிய துண்டு, விரல் அகலத்துக்கு வெட்டிய சைக்கிள் டியூப் வளையம் வேண்டும். அரை அங்குல பி.வி.சி. பைப்பில் கம்பியை 10 சுற்று சுற்றி உருவி, முனைகளாலேயே இருபுறமும் கட்டி, மீதியை நேரெதிராக நீட்டிவிட வேண்டும். ஊக்குகளைச் செல்லின் இரு தலையிலும் டியூபால் இறுக்கி, அவற்றின் கண்ணில் காயில் முனைகளை நுழைக்க வேண்டும். காந்தத்தின் தட்டை முகம் மேலே பார்க்கும்படி செல்லின் முதுகில் இருக்கட்டும். காந்தத்துக்கும் காயிலுக்கும் அரை செ.மீ. இடைவெளி போதும்.

எல்லாம் தேய்ப்பதில்தான் இருக்கிறது. ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் தேய்த்து எடுக்க வேண்டும். மறுமுனையில் பாதிச் சுற்றளவு மட்டும். அதுவும் காயிலைச் சக்கரம் மாதிரி செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, மேல்பாதியை மட்டும். காயிலை மேசையில் படுக்க வைத்துத் தேய்த்தால் ஓடாது. பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள், தடுக்க வேண்டாம். தேய்த்த பாதி ஊக்கைத் தொடும்போதுதான் மின்சாரம் பாயும். உந்துவிசை அதிகம் கிடைப்பது காயில் செங்குத்தாக நிற்கும்போது. படுக்க வைத்துத் தேய்த்த காயில் படுத்த நிலையிலேயே பிடிபட்டு நின்றுவிடும். இரு முனையையும் முழுக்கத் தேய்த்திருந்தால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை விசை திசை மாறி, ஊஞ்சல் மாதிரி ஆடும். அசைவே இல்லையென்றால் எனாமல் போகவில்லை என்று பொருள்: இன்னொரு செல்லும் 1.5 வோல்ட் டார்ச் பல்பும் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்று கோளாறையும் அவர்களே கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள், வகுப்பே அதுதான். பிளேடு வேண்டாம், உப்புத்தாள் போதும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் காயிலின் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. சுழலாமல் நிற்கும்போது இணைப்பு ஐந்து வினாடிக்கு மேல் நீடித்தால் செல்லும் கம்பியும் சுடும். செல்போன் பேட்டரியையோ சார்ஜரையோ எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. ஆறாம் வகுப்புக்கு மேல் 20 பிள்ளைகள், 10 செட், பெரியவர்கள் இருவர், ஒன்றரை மணி நேரம்: இதற்கு மேல் கூட்டம் சேர்த்தால் பழையபடி வேடிக்கைதான்.

அமிலமா காரமா என்று பார்க்க ஈரோட்டு மஞ்சளில் செய்யும் தாள் சோதனையிலும் பிள்ளைகளே கண்டுபிடிக்க இதே மாதிரி ஒரு இடம் உண்டு. மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஸ்பிரிட் கலந்த சானிடைசரில் விரலி மஞ்சள் தூளைக் கலக்கி, வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் நிறம் வெளுக்கும். சோப்பு நீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆனால் புதுத்தாளில் எலுமிச்சை விட்டால் ஒன்றுமே ஆகாது. 'மாற்றம் இல்லை' என்றே நோட்டில் எழுத விடுங்கள். அமிலத்தைக் கண்டுபிடிக்கச் செம்பருத்திப்பூச் சாறு வேண்டும். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் தர வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

ரீவைண்டிங் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஞ்சும் எனாமல் கம்பியைக் காயலான் கடைக்கு எடை போடும் முன் கால் கிலோ எடுத்து, கேஜ் எழுதிய சீட்டோடு பக்கத்து நூலகத்தில் கொடுங்கள். 26 கேஜ் என்றால் இருநூறு செட்டுக்குத் தாராளமாக வரும்.

இப்படிக்கு,
ஞாயிறு அறிவியல் வகுப்புத் தன்னார்வலர்கள்,
கோபிசெட்டிபாளையம்