செயலாளர் ஆண்டறிக்கை 2024–25
கேபிள், பிராட்பேண்ட் ஆபரேட்டர்கள் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. மின்கம்ப வாடகை குறித்து இரண்டு முறை மனு கொடுத்தோம். பொங்கலுக்கு லைன்மேன்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம்.

அப்புறம், முக்கியமான விஷயம். கேபிள் காலத்திலிருந்தே நமக்குள் சில வாய்மொழிக் கட்டுப்பாடுகள் உண்டு. அடுத்தவர் ஏரியாவில் யாராவது கனெக்‌ஷன் கேட்டால் முதலில் அந்த ஏரியாக்காரருக்கு ஒரு போன். பழைய பாக்கி தீர்ந்து, வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.யு. பெட்டி திரும்பிய பிறகுதான் புது லைன். அடுத்தவர் ஜாயின்ட் பாக்ஸில் கை வைக்கக் கூடாது. லைனைப் பிரித்து வெளியாளுக்கு விற்கக் கூடாது. எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத இவைதான் இத்தனை வருடம் நம்மைச் சண்டையில்லாமல் பிழைக்க வைத்தன.

ஐப்பசியில் ஒரு தெருவே ஸ்லோ என்று புகார். நானே மாடி ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், ஒரு லைனைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி. அதிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு ஒன்பது லேன் ஒயர். ஒரு வீட்டு பிளான், பத்து வீட்டு வசூல். செய்தவர் நம் உறுப்பினரே. லைசென்ஸ் இன்டர்நெட் கம்பெனி பெயரில் இருக்கிறது, நாம் அதன் கீழ் ஃபிரான்சைஸ். யார் எந்த ஐ.பி.யில் (நெட்டில் கனெக்‌ஷனை அடையாளம் காட்டும் எண்) இருந்தார் என்ற பதிவை 2 வருடம் வைக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் லைசென்ஸ் விதியைத் திருத்தினார்கள். அந்தப் பதிவில் பத்து வீடும் ஒரே பெயரில்தான் வரும். ஒன்பதாவது வீட்டில் யாரோ செய்யும் தப்புக்கு, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட முதல் வீட்டுக்காரர் வாசலில்தான் போலீஸ் நிற்கும். அடுத்து நம் வாசல்.

அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடுகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மாலை நேரங்களில் 23 உறுப்பினர்களை வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதியது. இதற்காக நான்கு கூட்டம் போட்டேன். ஒன்பது பேருக்கு மேல் வரவில்லை. நள்ளிரவில் ஃபைபர் அறுந்தால் என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வரக் கூடாதா? மனது வலிக்கிறது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன; விவரம் பொருளாளரிடம். சந்தா பாதிப் பேரிடம் நிலுவை, சிலரிடம் இரண்டு வருடமாக.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் கொடுத்த மண்டபத்தார் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு வேறு யார் பொறுப்பேற்றாலும் நோட்டை ஒப்படைக்கிறேன். கடைசி இரண்டு பக்கம் கையெழுத்துக்காகக் காலியாக இருக்கிறது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருப்பேன். சந்தா ரசீது புத்தகமும் கையில் இருக்கும்.

செயலாளர்